கேள்வி – பதில்: கடல்நாயின் மடைக்கணக்கு

சென்ற இதழில் சங்குகுளிப்பு பற்றிய பதிலில், 'தென்துருவத்து வெடல் கடல்நாய் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீருக்கடியில் இருக்கும்' என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும்போல் இருக்கிறது.

ஒரு மணி நேரம் மூச்சை அடக்க வேண்டுமானால் நுரையீரல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கடல்நாய் முங்குவதற்கு முன் எவ்வளவு காற்றை இழுத்துக்கொள்ளும்?
– வாசகர், பாளையங்கோட்டை

இழுப்பதில்லை, வெளியே விட்டுவிட்டுத்தான் முங்கும். 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். நுரையீரல் நிறையக் காற்றுடன் 300 மீட்டர் இறங்கினால் அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து, மேலே வரும்போது குமிழாகி உயிரை வாங்கும். கடல்நாயின் நுரையீரல் சில பத்து மீட்டர் ஆழத்திலேயே மடங்கிவிடுகிறது. மிச்சக் காற்று, ரத்தத்தோடு தொடர்பில்லாத மூச்சுக்குழாய்களுக்கு ஒதுங்கிவிடும்.

அப்படியானால் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது? ரத்தத்திலும் சதையிலும். மனிதனுக்கு ரத்தம் உடல் எடையில் சுமார் 7 சதவீதம். வெடல் கடல்நாய்க்கு 14, 15 சதவீதம். சதையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் நமக்கு ஒரு கிலோ சதைக்கு 5 கிராம் அளவு, அதற்கு 50 கிராமுக்கு மேல். சூரை மீனை அறுத்தால் முதுகெலும்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு சதை வருமே, அந்தக் கறுப்பு மயோகுளோபினின் நிறம்தான். கடல்நாயின் உடம்புச் சதை முழுக்கவே அப்படிக் கறுத்திருக்கும்.

கூட்டிப் பார்த்தால், மனிதனின் மொத்த இருப்பு ஒரு கிலோ எடைக்கு 20 மில்லி ஆக்சிஜன், வெடல் கடல்நாயின் இருப்பு 87 மில்லி. நாலு மடங்குக்குச் சற்றே அதிகம். ஆனால் நம்மால் ஓரிரு நிமிடம் தாக்குப்பிடிக்க முடிகிற இடத்தில் அது 60 நிமிடம் இருக்கிறது. இருப்பு நாலு மடங்கு, நேரமோ முப்பது மடங்குக்கு மேல்! மீதிக் கணக்கு வரவில் இல்லை, செலவில் இருக்கிறது. அது அடுத்த கேள்வியில் வருகிறது.

அண்ணாச்சி, எனக்கு நாடி 45 ஆக இறங்கி, தலைசுற்றல் வந்ததும் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லிவிட்டார்கள். கடல்நாய்க்கு நிமிடத்துக்கு 4 துடிப்புதான் என்று ஒரு வீடியோவில் சொன்னான். அது எப்படி மயங்காமல் நீந்துகிறது?
– விவசாயி, கல்லிடைக்குறிச்சி

வீடியோவில் சொன்ன எண் சரிதான். சாம்பல் கடல்நாய் நீண்ட முங்கலில் நிமிடத்துக்கு 4 துடிப்பு வரை இறங்குவது பதிவாகியிருக்கிறது. அதே விலங்கு மேலே வந்து மூச்சு வாங்கும்போது 100-ஐத் தாண்டும்.

நீங்கள் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துக்காரர் என்று எழுதியிருப்பதால் அந்த வழியாகவே சொல்லிவிடலாம். அணையில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வீர்கள்? எல்லா மடையையும் திறந்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கடைமடைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. காயவிடக்கூடிய வயல்களின் மடையை முழுதாக அடைத்துவிட்டு, காயவே கூடாத நாற்றங்காலுக்கு மட்டும் விடுவீர்கள். கடல்நாயின் உடம்பில் நாற்றங்கால் மூளைதான். முங்கியதும் சிறுநீரகம், குடல், தோல், ஈரல், பெரும்பாலான சதைகள் என எல்லாவற்றுக்கும் போகும் தமனிகள் இறுகிவிடும். ஆய்வுக்கூடத்தில் கட்டாயமாக முங்கவைத்து அளந்தபோது இதயம் வெளியேற்றும் ரத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. சிறுநீரகத்துக்குப் போவது கிட்டத்தட்ட நின்றேபோனது. மூளைக்குப் போவது மட்டும் பெரிதாகக் குறையவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான். ரத்த அழுத்தம் என்பது இரண்டின் பெருக்கல்: இதயம் தள்ளும் அளவு ஒன்று, குழாய்களின் இறுக்கம் மற்றொன்று. தள்ளுவது ஏழில் ஒன்றாகி, இறுக்கம் ஏழு மடங்கானால் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்களுக்கு நாடி மட்டும் இறங்கியது. மடைகளெல்லாம் திறந்தே கிடந்தன. அழுத்தம் விழுந்தது, தலை சுற்றியது. கடல்நாயில் இரண்டும் ஒரே நொடியில், ஒரே கட்டளையில் நடக்கின்றன. முகத்தில் தண்ணீர் பட்டு மூச்சு நின்றதும், முகத்தின் உணர்வு நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகும். அங்கிருந்து வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிரேக் போடும், இன்னொரு நரம்புக் கூட்டம் தமனிகளை இறுக்கும். மடையை அடைத்துவிட்டு இதயம் பழைய வேகத்திலேயே அடித்திருந்தால் அழுத்தம் எகிறியிருக்கும். இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் ஆபத்து, சேர்ந்து நடந்தால் சிக்கனம்.

இதிலே இன்னொரு நுட்பம். நமக்கு எங்காவது தமனி இறுகினாலும், உழைக்கிற சதை தனக்குள் சேரும் அமிலத்தால் பக்கத்துச் சிறு குழாய்களைத் திறந்துவிட்டுக்கொள்ளும். கடல்நாயில் இறுக்கம் சிறு குழாயில் மட்டுமில்லை, மேலே பெரிய கிளைத் தமனியிலேயே விழுகிறது. வயல்காரன் தன் வரப்பு மடையை எவ்வளவு வெட்டிவிட்டால் என்ன, தலைமடையில் பலகை இறங்கிவிட்டதே.

அடுத்தது, 4 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 15 நொடி. அந்த 15 நொடியும் மூளைக்கு ரத்தத்தைத் தள்ளுவது யார்? பருத்திக்கோ வாழைக்கோ மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரைப் பாருங்கள். பிஸ்டன் பம்பின் தலையில் குண்டாக ஒரு காற்றுக் குப்பி இருக்கும். பிஸ்டன் தள்ளும்போது குப்பிக்குள் இருக்கும் காற்று நசுங்கும். பிஸ்டன் பின்வாங்கும் நேரத்தில் அந்தக் காற்று விரிந்து மருந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குப்பியில் காற்றுப் போய்விட்டால் ஹோஸ் வெட்டி வெட்டி உதறும். கடல்நாயின் குப்பி அதன் பெருந்தமனி. இதயத்தை விட்டு வெளிவந்ததும் அது ஒரு பெரிய ரப்பர்க் குமிழ்போல் உப்பியிருக்கும். தலைக்கும் முன்கால்களுக்கும் கிளைகள் பிரிந்தபின் சட்டென்று ஏறக்குறைய பாதி விட்டமாகச் சுருங்கிவிடும். ஒரு துடிப்பில் வரும் ரத்தத்தின் பெரும்பகுதியை அந்தக் குமிழ் விரிந்து வாங்கிக்கொண்டு, இதயம் ஓய்ந்திருக்கும் நேரமெல்லாம் மெதுவாகச் சுருங்கி அனுப்பும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 4 துடிப்பு எல்லா முங்கலிலும் வருவதில்லை. நார்வேக்காரர் பெர் ஷோலாண்டர் கடல்நாயைப் பலகையில் கட்டி நீரில் அமிழ்த்தி அளந்து, அதை 1940-ல் வெளியிட்டார். கட்டிப்போட்ட விலங்குக்கு எப்போது விடுவார்கள் என்று தெரியாது, அதனால் எல்லா மடையையும் உடனே அடைத்துவிடும். சுதந்திரமாக நீந்தும்போது குறுகிய முங்கலுக்குக் கொஞ்சமாகவும், நீண்ட முங்கலுக்கு அதிகமாகவும் நாடியை இறக்குகிறது. மேலே வருவதற்குச் சற்று முன்பே, இன்னும் தண்ணீருக்குள் இருக்கும்போதே, நாடி ஏறத் தொடங்கும். வெறும் அனிச்சை என்று இதைச் சொல்வது போதாது, விலங்கு திட்டமிடுகிறது. உங்கள் பேஸ்மேக்கர் விஷயத்தில் கடல்நாயைப் பார்த்து யோசிக்க வேண்டாம், டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்.

ஒரு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் சிறுநீரகம் செத்துவிடாதா? எங்கள் ஐ.சி.யூ.வில் அரை மணி நேரம் பிரஷர் விழுந்தாலே, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுகிறது.
– செவிலியர், திருநெல்வேலி சந்திப்பு

கடல்நாயின் சிறுநீரகத்தை உடம்பிலிருந்து எடுத்து, உடல் சூட்டிலேயே ஒரு மணி நேரம் ரத்தமில்லாமல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மீண்டும் ரத்தம் விட்டதும் அது சிறுநீர் பிரிக்கத் தொடங்கியது. அதே சோதனையில் நாயின் சிறுநீரகம் அப்படித் தேறவில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான், பாதிக் கேடு ரத்தம் நிற்கும்போது வருவதில்லை, திரும்பப் பாயும்போது வருகிறது. அப்போது கிளம்பும் ஆக்சிஜன் கழிவுகளை அடக்கும் குளுட்டாதயோன் போன்ற பொருள்கள் கடல்நாயின் திசுக்களில் அதிகம். தவிர, ரத்தம் போகாத உறுப்பு வேலையையும் நிறுத்திக்கொள்கிறது. சிறுநீரகத்தின் ஆக்சிஜன் செலவில் பெரும்பங்கு உப்பை வடிகட்டித் திரும்ப இழுக்கத்தான். வடிகட்டலே இல்லையென்றால் செலவும் விழுந்துவிடும்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. மடை அடைத்த சதை, கையிருப்பு தீர்ந்ததும் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். அது சதைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்து, மேலே வந்து மடை திறந்ததும் ரத்தத்தில் வெள்ளமாக இறங்கும். தென்துருவத்தின் மக்மர்டோ வளைகுடாவில், பனித்தகட்டில் வேறு துளைகளே இல்லாத இடமாகப் பார்த்து ஒரு துளை போட்டு, கடல்நாயை அதில் விட்டார்கள். மூச்சு வாங்க அதே துளைக்குத்தான் வந்தாக வேண்டும், வந்ததும் ரத்தம் எடுத்தார்கள். ஜெரால்ட் கூய்மன் குழுவினர் 1980-ல் வெளியிட்ட கணக்குப்படி, வளர்ந்த வெடல் கடல்நாய் 20 நிமிடத்துக்குள் திரும்பினால் லாக்டிக் அமிலம் ஏறுவதில்லை. அதைத் தாண்டினால் ஏறும், ஓய்வும் கூடும். 45 நிமிடம் முங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்வு. ஆகவே பெரும்பாலான முங்கல்கள் 20 நிமிடத்துக்குள்தான். கடன் வாங்கத் தெரியும் என்பதற்காகத் தினமும் வாங்குவதில்லை.

பெருந்தமனிக் குமிழைப் பிளஸ் ஒன் வகுப்பில் காட்ட முடியுமா?
– உயிரியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

கடல்நாய்க்கு எங்கே போவது, ஆடு போதும். தத்துவம் ஒன்றுதான். கறிக்கடையில் முதல்நாளே சொல்லிவையுங்கள்: இதயத்தை எடுக்கும்போது மேலே உள்ள வெள்ளைக் குழாயை ஒட்ட நறுக்காமல், முடிந்தவரை நீளமாக, முதுகெலும்பு ஓரமாகக் கீழே இறங்கும் பகுதியோடு சேர்த்துத் தரச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதயத்தோடு சமமாக வெட்டிவிடுவார்கள், பாடமே போச்சு.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு போட்ட கரைசலில் போட்டுக் கொண்டுவாருங்கள். வெறும் தண்ணீர் திசுவை ஊறவைத்து உப்பவைக்கும். ஃப்ரீசரில் வைத்து உருக்கியதும் வேண்டாம். குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பைச் சுத்தமாக உரித்துவிட்டு, இதயத்தை ஒட்டி 1 செ.மீ. அகலத்தில் ஒரு வளையமும், கீழ்ப்பகுதியில் அதே அகலத்தில் இன்னொன்றும் வெட்டுங்கள். அகலம் மாறினால் கணக்குத் தப்பும். வளையத்தை ஒரு ஆணியில் மாட்டி, கீழே வளைத்த பேப்பர் கிளிப்பில் 50, 100, 150 கிராம் என எடை தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் நீளத்தை ஸ்கேலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடையை ஒவ்வொன்றாக எடுத்தும் குறியுங்கள். இதயத்தை ஒட்டிய வளையம் அதிகம் நீளும், எடுத்ததும் திரும்பிவிடும். அங்கே எலாஸ்டின் என்ற ரப்பர் நார் அதிகம். கீழே போகப்போக நீளாத கொலாஜன் கூடும். கரைசலை அடிக்கடி தெளித்துக்கொண்டே இருங்கள், ஃபேன் காற்றில் 10 நிமிடத்தில் காய்ந்து விறைத்துவிடும். 'இரண்டு வளையமும் ஒன்றுபோல் நீளுகிறதே' என்ற குறை வந்தால் காரணம் பெரும்பாலும் காய்ந்த வளையம்தான்.

சோதனைக்குப் போன இதயம் குழம்புக்கு வேண்டாம்.

ரத்தசோகைக்குச் சுவரொட்டி சாப்பிடச் சொல்வார்கள். கடல்நாய்க்கும் சுவரொட்டியில்தான் சூட்சுமம் என்று என் பேரன் சொல்கிறான். உண்மையா?
– வாசகி, பேட்டை

பேரன் சொன்னது சரி. சுவரொட்டி என்று கறிக்கடையில் வாங்குகிறோமே, அதுதான் மண்ணீரல். கடல்நாய்க்கு அது ரத்தச் சிவப்பணுக்களின் சேமிப்புக் கிடங்கு. வெடல் கடல்நாயின் மண்ணீரலில் 20 லிட்டர் அளவுக்குக் கெட்டியான சிவப்பணுக்கள் அடங்கும், நம்ம வீட்டுத் தண்ணீர்க் கேன் ஒன்று நிறைய! முங்கத் தொடங்கியதும் அட்ரினலின் சுரந்து மண்ணீரல் பிழியப்படும், அணுக்கள் ஓட்டத்தில் சேரும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 40 சதவீதச் சுற்றுவட்டாரத்திலிருந்து 60-ஐ எட்டும்.

எப்போதுமே 60-ல் வைத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். ரத்தம் அவ்வளவு கெட்டியானால் அதைத் தள்ள இதயம் படாதபாடு படும்; மனிதருக்கு அந்த அளவு போனால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து. அதனால் கரையில் படுத்திருக்கும்போது நீர்த்த ரத்தம், முங்கும்போது கெட்டி ரத்தம். பிழிந்த ரத்தம் மொத்தமாக இதயத்தில் போய் மோதிவிடாமல் இருக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. ஈரலை ஒட்டிய பெரிய சிரைப்பை குளம்போலத் தேக்கிவைத்துக்கொள்ளும். அதற்கு மேலே, உதரவிதானத்தை ஒட்டி மகாசிரையைச் சுற்றிய சதை வளையம், இறுகித் தளர்ந்து அளவாக விடும். இதுவும் மடைதான் பாருங்கள்.

இந்தோனேசியக் கடலில் வாழும் பஜாவு மக்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி முங்குபவர்கள். அவர்கள் மண்ணீரல், பக்கத்தில் விவசாயம் செய்யும் மக்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது என்று 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது. சுவரொட்டியில் இரும்புச்சத்து உண்டு, ரத்தசோகைக்கு நல்லதுதான். ஆனால் மூச்சடக்க அது உதவாது.

மனிதருக்கும் முகத்தில் தண்ணீர் பட்டால் நாடி இறங்குமாமே? வீட்டில் செய்து பார்க்கலாமா?
– பிளஸ் டூ மாணவி, மேலப்பாளையம்

இறங்கும், 10 முதல் 25 சதவீதம் வரை. அகலமான பேசினில் 5 லிட்டர் தண்ணீர் எடுத்து 1 கிலோ ஐஸ் போட்டுக் கரையவிடுங்கள். நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் இது 10 டிகிரிக்கு வரும். 5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தபின் மணிக்கட்டில் இன்னொருவர் நாடி பார்க்கட்டும். முதலில் தண்ணீரில்லாமல், பேசினைப் பார்த்துக் குனிந்தபடி 30 நொடி மூச்சடக்குங்கள். 15-வது நொடியிலிருந்து 30-வது நொடிவரை எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 3 நிமிடம் கழித்து அதையே தண்ணீரில் முகம் வைத்துச் செய்யுங்கள்.

தப்பு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில். வாயையும் மூக்கையும் மட்டும் முக்கினால் பலன் குறைவு. நெற்றியும் கண்ணைச் சுற்றிய இடமும் அமிழ வேண்டும், உணர்வு நரம்பு அங்கேதான் அடர்த்தி. அடுத்தது, முக்கியதும் எண்ணத் தொடங்குவது. முதல் சில நொடி குளிர் அதிர்ச்சியில் நாடி ஏறக்கூடும். 15 நொடியில் ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் 4 தவறும் என்பதால் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இதயக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் செய்யக் கூடாது, தனியாகவும் கூடாது.

சங்குக்கு முங்கும் முன் வேகவேகமாக 20, 30 மூச்சு இழுத்துவிட்டால் கூடுதல் நேரம் இருக்க முடிகிறது. இது சரிதானே அண்ணாச்சி?
– இளைஞர், உவரி

தம்பி, இதை உடனே நிறுத்துங்கள். இந்த இதழில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

வேகமூச்சால் ஆக்சிஜன் இருப்பு கூடுவதில்லை, சாதாரண மூச்சிலேயே ரத்தம் 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. 'மூச்சு முட்டுகிறது, மேலே போ' என்று உடம்பு சொல்வது ஆக்சிஜன் குறைந்ததால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு கூடியதால். அதைக் கழுவிவிட்டு முங்கினால் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு முங்குவதாக அர்த்தம். கூடுதல் நேரம் கிடைத்த மாதிரித் தெரிவது அதனால்தான்.

ஆபத்து பெரும்பாலும் அடியில் வராது, மேலே வரும்போது வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பு, அதனால் நுரையீரலில் மிச்சமுள்ள கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் தள்ளப்படும், தெம்பாகத் தெரியும். மேலேறும்போது அழுத்தம் பாதியாகும், ஆக்சிஜன் அழுத்தமும் சரியும், கடைசிச் சில மீட்டரில் முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். கடல்நாயின் மூளை நம்மைவிட மிகக் குறைந்த ஆக்சிஜனிலும் விழித்திருக்கும், நம் மூளை இருக்காது.

முங்கும் முன் இரண்டு மூன்று சாதாரண மூச்சு போதும். அடியில் இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே ஓய்வு. ஒருவர் முங்கும்போது ஒருவர் மேலே இருந்து பார்க்க வேண்டும்; வந்தபின்னும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது, சிலருக்கு மேலே வந்து மூச்சு இழுத்தபின்னும் நினைவு தப்புவதுண்டு. மயங்கியவரை முகம் மேலிருக்கத் தூக்கிப் படகில் ஏற்றுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகச் சுற்றுவது வேண்டவே வேண்டாம். மூச்சில்லை என்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து 2 முதல் 5 மூச்சு ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 மூச்சு என்று விடாமல் செய்யுங்கள். 108-க்கு இன்னொருவர் சொல்லட்டும்.

நம்ம கடலில் கடல்நாய் உண்டா? ஆவுளியாவும் அதே இனமா?
– அதே உவரியிலிருந்து, இன்னொரு வாசகர்

கடல்நாய் இல்லை, அது பெரும்பாலும் குளிர்க்கடல் விலங்கு. ஆவுளியா என்ற கடல்பசு மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உண்டு, ஆனால் உறவு வேறு: கடல்நாய் நாய், கரடிகளின் வழி, ஆவுளியா யானையின் தூரத்துச் சொந்தம். கடல்புல் மேய்கிற அதற்கு ஆழம் தேவையில்லை, பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்துவிடும். அதனால்தான் வலையில் சிக்கினால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறது. சிக்கியதைப் பார்த்தால் முதலில் மூக்கு நீருக்கு மேலே வருமாறு வலையோடு தூக்கிப் பிடியுங்கள், அறுத்து விடுவது அதற்குப் பிறகு.